பழி இறங்கும் இடம்

கியர் பாக்ஸ் போய் நிற்கும் ஜீப்பைச் சுற்றி நாலு பேர் கூடினால், நாலு பேருக்கும் குற்றவாளி யாரென்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். “இப்பல்லாம் கம்பெனி பொருளே சரியில்ல” என்பார் ஒருவர். “ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தா இப்டித்தான்” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ஆயிலைக் குறை சொல்வார். நாலாமவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இத்தனை பேச்சும் நடக்கும்போது அந்த ஜீப்பின் டயர்கள் கிட்டத்தட்ட அவர்கள் இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த டயர்கள் இல்லை அவை. அவற்றைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கலாம். சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் ஒன்றிரண்டு தென்படும். பாடியைத் தூக்கி, ஸ்பிரிங்கை மாற்றி, பெரிய டயர் போட்டு, பார்க்க மிரட்டலாக இருக்கும். எனக்கும் பார்க்கப் பிடிக்கும். அழகுக்காக ஒருவர் தன் காசைச் செலவழிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் கேள்வி அந்த நாலு பேரின் பேச்சைப் பற்றியது. ஒரு பொருள் உடையும்போது, உடைந்த பாகத்தின் மீதும் அந்த நேரத்தில் அதைக் கையில் வைத்திருந்தவர் மீதும் பழி ஏன் இவ்வளவு சுலபமாக இறங்குகிறது? அங்கே இறங்குவது நியாயமா?

இதற்குப் பதில் தேட, முதலில் அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

நம் ஊர் ஜீப் ஒன்றின் டயரில் 245/75 ஆர்16 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 75 சதவீதம், உள்ளே இருக்கும் ரிம் 16 அங்குலம் என்று அதற்குப் பொருள். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். இதைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போடுகிறார்கள். அதன் விட்டம் 889 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 15 சதவீதம் அதிகம்.

முதலில் மாறுவது ஸ்பீடோமீட்டர். அது வேகத்தை அளப்பதில்லை, சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. பழைய வண்டியில் கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள், புதிய வண்டியில் சென்சார், எதுவானாலும் எண்ணுவது சுற்றைத்தான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்ற எண்ணைத் தொழிற்சாலையில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டார்கள். பழைய சக்கரம் ஒரு சுற்றில் 2.43 மீட்டர் போகும், புதியது 2.79 மீட்டர் போகும். தொழிற்சாலையில் மீட்டர் மிகச் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 60 காட்டும்போது வண்டி 69-ல் போகிறது. 80 காட்டும்போது 92. கிலோமீட்டர் கணக்கும் அப்படியே. 10,000-ல் ஆயில் மாற்ற வேண்டும் என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால், மாற்றும்போது வண்டி 11,500 கிலோமீட்டர் பக்கம் ஓடியிருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, எண்ண வேண்டியதைச் சரியாகத்தான் எண்ணியது. அதற்குத் தெரியாமல் உலகம் மாறிவிட்டது.

அடுத்தது விசை. சக்கரத்தின் ஆரம் கூடினால், அதே எஞ்சின், அதே கியர் கொடுக்கும் தள்ளுவிசை குறையும். மேற்படிக் கணக்கில் சுமார் 13 சதவீதம் குறைகிறது. பழைய மாதிரி வண்டி நகர வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஷாஃப்டும் பல்லும் 15 சதவீதம் கூடுதல் முறுக்கத்தைக் கடத்த வேண்டும். டயரின் எடையும் இருக்கிறது. எடை பாதி கூடி, ஆரமும் 15 சதவீதம் கூடினால், அந்தச் சக்கரத்தைச் சுழல வைப்பதற்கு எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். ஆரத்தின் வர்க்கம் உள்ளே வருவதால் இப்படி. அதனால் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதெல்லாம் கிளட்ச் கூடுதல் நேரம் வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. வழுக்கினால் சூடு. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் அதே சூடு டார்க் கன்வர்ட்டரில் உள்ள எண்ணெய்க்குப் போகும். பிரேக்கும் இதேபோலக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கோணம். வண்டியைத் தூக்கினால் கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஓடும் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்கிறது. அதன் இரண்டு முனையிலும் பட்டறையில் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூட்டு இருக்கிறது. சாய்ந்த நிலையில் இந்த மூட்டு சீராகச் சுற்றாது. 15 பாகை சாய்வில், ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். முதல் மூட்டின் இந்தத் தடுமாற்றத்தை இரண்டாவது மூட்டு எதிர்த்திசையில் தடுமாறிச் சரிசெய்யும், இரண்டு கோணமும் சமமாக இருக்கும்வரை. தூக்கியதில் அந்தச் சமம் கெட்டால் மிச்சத் தடுமாற்றம் அதிர்வாக மாறி பேரிங்குகளில் போய் இறங்கும். வெளியே தெரியாது. “லேசா ஒரு சத்தம் வருது” என்று ஆரம்பிக்கும்.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனை மாற்றி, பல்விகிதத்தைப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றபடி அமைக்கலாம். ஷாஃப்டின் கோணத்தைச் சரிசெய்யலாம். மீட்டருக்குப் புதிய எண்ணைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் இந்தச் செலவு எதுவும் வெளியே தெரியாது. டயர் தெரியும். அதனால் பெரும்பாலும் டயரோடு நின்றுவிடுகிறது.

*

சிதம்பரம் சாலையில் ஒரு பட்டறை. என் காரின் பேரிங்கை மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இப்படித் தூக்கிய ஜீப் ஒன்று, அடியில் கியர் பாக்ஸ் இறக்கப்பட்டிருந்தது. கருகிய கிளட்ச் பிளேட் பழைய செய்தித்தாள் மேல் கிடந்தது. அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. ஜீப்பின் டிரைவர் ஐம்பதை நெருங்குகிறவர், கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வண்டி அவருடையதில்லை. முதலாளியை இறால் பண்ணைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவர் வேலை.

மெக்கானிக் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் முதலாளி. கோபமெல்லாம் இல்லை, கணக்குப் பேசுகிற குரல்.

“புது பிளேட்டே போடுங்க. பாதிய நான் குடுத்திடறேன். மீதிய அவன் சம்பளத்துல புடிச்சிக்கிறேன். அரை கிளட்சுல ஓட்டினா எந்த வண்டிதான் தாங்கும்?”

போன் வைத்த பிறகு டிரைவர் மெதுவாகச் சொன்னார்: “கால எடுத்தா வண்டி ஆஃப் ஆவுதுண்ணா. மணல்ல வேற எப்பிடி எடுக்கறது?”

“தெரியும்” என்றார் மெக்கானிக்.

டிரைவர் டீ குடிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். “பிளேட்டு கருகினது நெஜம் தம்பி. கால் வச்சவரும் அவருதான். டயரப் பத்தி நான் வாயத் தொறந்தேன்னா, போட்டுக் குடுத்ததே நீதானய்யா அப்படீம்பாரு. அதுவும் நெஜம்தான?”

மூன்றும் உண்மை. டிரைவர் அரை கிளட்சில் ஓட்டினார். பிளேட் கருகியது. மெக்கானிக்தான் டயரை மாட்டினார். மூன்று உண்மைகளும் ஒன்றாகச் சேர்ந்தபோது, மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போக வேண்டிய பணம் நின்றுபோனது. நான் வெறுமனே வழிப்போக்கன், ஆனாலும் அன்றிலிருந்து இந்தக் கணக்கு என்னை விடவில்லை.

*

பழியைப் பங்கிடும்போது நாம் ஒரு குறுக்குவழியில் போகிறோம். உடைந்த நேரத்துக்கு மிக அருகில் இருந்த கையைத் தேடுகிறோம், அந்தக் கைக்குப் பழியைக் கொடுக்கிறோம். கை அங்கே இருந்தது உண்மை என்பதால் மறுக்கவும் முடியாது. ஆனால் பொறுப்பு என்பது அருகில் இருப்பதால் வருவதில்லை. வேறுவிதமாகச் செய்ய முடிந்தவருக்குத்தான் பொறுப்பு. அந்த டிரைவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டு: கிளட்சைத் தேய்த்து வண்டியை எடுப்பது, இல்லையென்றால் மணலில் வண்டியை நிறுத்திவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்குவது. மூன்றாவது வழியை டயர் வாங்கிய அன்றைக்கே வேறொருவர் அடைத்துவிட்டார்.

அப்படியானால் டிரைவர் செய்வது எதற்குமே பொறுப்பில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமதளத்திலும் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வண்டியையும் கருக்கிவிடுவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே வண்டியை, அதே வேலைக்கு, நன்றாக ஓட்டத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்ததாக நினைத்துப் பாருங்கள். அவர் கையிலும் இதேதான் நடந்திருக்குமா? ஆமாம் என்றால் குற்றம் காலில் இல்லை. விமானப் பாதுகாப்புத் துறையில் இதைப் பதிலீட்டுச் சோதனை என்கிறார்கள். விபத்துக்குப் பிறகு விமானியைத் தூக்கிலேற்றும் அவசரத்தைத் தடுக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

1979 மார்ச் 28-ம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மூன்று மைல் தீவு அணு உலையில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைக்கும்படி காட்டியது. உண்மையில் அந்த விளக்கு சொன்னது ‘மூடு என்ற கட்டளை போய்விட்டது’ என்பதை மட்டும்தான். வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. நம் ஸ்பீடோமீட்டருக்கு உடன்பிறப்பு. அதை நம்பி ஊழியர்கள் எடுத்த முடிவுகள் நிலைமையை மோசமாக்கின. விசாரணைக் குழுவின் தலைவர் ஜான் கெமெனி. எங்கள் துறைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர், 1964-ல் பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவருடைய குழு ஊழியர்களின் தவறுகளை மறைக்கவில்லை. ஆனால் அதோடு நிற்காமல், அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி, கட்டுப்பாட்டு அறையை வடிவமைத்த விதம் எல்லாவற்றையும் விசாரணைக்குள் கொண்டுவந்தது. கையிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறிப் பார்த்தது.

என் தொழிலிலும் இது தினசரி நடக்கிறது. விற்பனைப் பிரிவு பத்து மடங்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்க்கும், அடியில் இருக்கும் டேட்டாபேஸ் பழையதாகவே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது விழும்போது, அந்த வாரம் பணி முறையில் விழித்திருக்கும் 23 வயதுப் பையனுடைய பெயர் அறிக்கையில் வரும். அவன் தவறான கட்டளை ஒன்றை அடித்திருப்பான், உண்மைதான். கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர் அதே மாதம் பாராட்டு மின்னஞ்சலில் வந்திருக்கும்.

*

உயர்த்துவதே தவறு, இருப்பதோடு இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடலூர்க்காரர்களிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்த ஊர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் தண்ணீர் வந்தபோது உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் மறுபடி தெரிந்தது. கார் போகாத தண்ணீரில் டிராக்டர் போகும்.

அந்த டிராக்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். அதன் பின்சக்கரம் எந்த ஜீப்பின் டயரையும்விடப் பெரியது. காட்டுமன்னார்கோயில் பக்கம் சேற்றில் நாள் முழுக்க உழுகிறது. கியர் பாக்ஸ் எப்படித் தாங்குகிறது? கடைசிக் கட்ட வேகக் குறைப்புப் பற்சக்கரங்களை ஆக்சிலை ஒட்டி, சக்கரத்துக்கு அருகில் வைத்திருக்கிறார்கள். பெரும் முறுக்கம் அங்கேதான் உண்டாகிறது, அதற்கு முன்னால் இருக்கும் பாகங்களுக்குச் சுமை குறைவு. பெரிய சக்கரம் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், அதைத் தாங்கும் ஏற்பாட்டையும் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்தார்கள். எந்திரவியலில் இது சாதாரண வடிவமைப்பு. எனக்கு இதில் ஒரு நீதி தெரிகிறது: எது உயர்கிறதோ அதன் அருகிலேயே சுமையும் இருக்கட்டும். எங்கோ அடியில் இருப்பவரிடம் அதை அனுப்பக் கூடாது.

சட்டம் இதைப் பாதி பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். உரிமையாளரைக் கேட்கிறது, அது சரி. ஆனால் சம்பளத்தில் பிடிக்கப்படும் கிளட்ச் பிளேட்டின் பாதி எந்த செக்போஸ்ட்டிலும் பிடிபடாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

*

சுமையும் அச்சும் நம் மொழிக்குப் பழைய விஷயம். திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிகிறது. வினைத்திட்பத்தில் பெரிய தேருக்கு ஒரு சின்ன அச்சாணி வருகிறது. முதலாவதை அளவு மீறாதே என்ற அறிவுரையாகப் பள்ளியில் படித்தோம். எனக்கு அதில் இன்னொன்றும் உறுத்துகிறது. பீலி ஏற்றியவர் ஒவ்வொரு இறகையும் காட்டி, இதிலே எடை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். முறிந்தது அச்சுதான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் யாராவது தச்சரைத்தான் திட்டியிருப்பார்கள்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள். சக்கரத்தின் அருகே குனிந்தபடியே நடக்கும் சிலரைக் கூட்டம் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் முட்டுக்கட்டை. வடம் இழுக்க மட்டும்தான் முடியும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும், உருளும் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகுகிற அந்தக் கைகள்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை இருக்கிறது. தேரோட்டத்தில் மிக ஆபத்தான வேலை அது. நம் பேச்சுத் தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆனது? ‘எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடறான்.’ தேரைக் காப்பாற்றும் பொருளின் பெயரை வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். தாங்குகிறவர் மீது பழி இறங்குவது மொழிக்குள்ளேயே நடந்திருக்கிறது.

இன்னொரு சொல் தேய்மானம். பட்டறையில் பேரிங்குக்குச் சொல்வதையே எலும்பு டாக்டர் அம்மாக்களின் முழங்காலுக்குச் சொல்கிறார். எங்கள் பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தூக்கிக் கட்டுகிறோம். ரோடு உயர உயர வீடும் உயர்கிறது. வாசலில் இரண்டு படி இருந்த இடத்தில் ஏழு படி. உயர்த்தியது நியாயமான காரணத்துக்காக, அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு, கோலமாவோடு, மார்க்கெட் பையோடு ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குகிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருப்பார். ஐந்து வருஷம் கழித்து முட்டி வலிக்கும்போது, “வயசாச்சு, தேய்மானம்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். வயதானது உண்மை. தேய்ந்ததும் உண்மை. படிகளைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

அந்த ஏழு படிகளைக் கட்டும்போதே பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கலாம். படியின் உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டலாம். இடம் இருந்தால் சரிவுப் பாதை போடலாம். வீட்டின் முகப்பு கொஞ்சம் எடுப்பாக இல்லாமல் போகும், கொத்தனார் கூடுதலாக ஒரு நாள் கூலி கேட்பார். முகப்பு டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதி அது. உயர்த்துகிறவர் கையிலிருந்து அந்தப் பணம் முதலிலேயே போய்விட்டால், பிற்பாடு யாருடைய முழங்காலிலிருந்தும் அதைப் பிடிக்க வேண்டியிருக்காது.